நாலு பேருக்கும் வயது பதினைந்து

கோயம்புத்தூர்
12.6.2004

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜோதி எழுதுகிறேன். எட்டு வருடம் கழித்து எழுதும் கடிதத்தை நலம் விசாரித்துத் தொடங்கினால் எனக்கே பொய்யாகத் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்வீட்டிக்கு ஜனவரியில் பிரசவம். மஸ்கட்டில் அவள் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்வார்கள். ஆனாலும் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறாள். பாஸ்போர்ட்டுக்கு வயதுச் சான்று கேட்கிறார்கள். என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் வீடு மாறியபோது தொலைந்துபோனது. ஞானஸ்நான சர்டிபிகேட்டுக்காக நம் சபையின் சேகர அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். சர்டிபிகேட் வரவில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டில் என் பெயர் இருக்கும் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, கூடவே ஒரு துண்டுச் சீட்டு வைத்து அனுப்பியிருக்கிறார்கள். "இந்த நபர் இறந்துவிட்டதாகப் பதிவு உள்ளது. விண்ணப்பிப்பவர் யார் என்று தெரிவிக்கவும்."

என் பெயருக்கு நேரே ஓரத்தில், 'மரணம் 28.9.1972. கிருபாபுரம் அடக்கப் பதிவேடு, பக்கம் 61' என்று இருக்கிறது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களிடம் காட்டினேன். "செத்தவங்களுக்குப் பேப்பர் திருத்துற வேலை கிடையாதுல்ல டீச்சர், நீங்க குடுத்து வச்சவங்க" என்றாள் ஒருத்தி. வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் பார்த்தபோதுதான் இரண்டு விஷயம் புரிந்தது. அந்தத் தேதி நம் தங்கச்சி புஷ்பம் இறந்த தேதி. அந்தக் கையெழுத்து அப்பாவுடையது.

புஷ்பம் வெடிகம்பெனித் தீயில் போன அன்று அப்பா வரி மாற்றி எழுதியிருக்க வேண்டும். கோயில் உபதேசியாராக இருந்தாலும் அவரும் தகப்பன்தானே. மகளைப் புதைத்துவிட்டு வந்து பேனா பிடித்த கை.

கோயில் மணியும் பீரோச் சாவியும் அப்பாவுக்குப் பிறகு உங்களிடம்தான் இருக்கின்றன என்று தெரியும். அடக்கப் பதிவேட்டில் பக்கம் 61ஐப் பார்த்து, அங்கே இருப்பது நேசபுஷ்பத்தின் பெயர்தான் என்று இரண்டு வரி எழுதுங்கள். அது போதும்.

அம்மாவைப் பற்றி இந்தக் கடிதத்தில் எதுவும் எழுதக்கூடாது என்று இருக்கிறேன்.

ஜோதி


கிருபாபுரம்
(தாயில்பட்டி வழி)
27.6.2004

அன்புத் தங்கச்சி ஜோதிக்கு, தோத்திரம்.

கடிதம் கிடைத்தது. நான் சுகம். உன் மதினிக்கு மூட்டுவலி. நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

ரிஜிஸ்டர் பீரோவில் இருக்கிறது. மழைத் தண்ணீர் இறங்கிப் பக்கமெல்லாம் ஒட்டிக்கொண்டது. பிரித்தால் கிழிந்துவிடும். அப்பா வரி மாற்றி எழுதியிருப்பார் என்று நீயே சொல்கிறாய். அதையே அலுவலகத்துக்கு எழுதிப் போடு. நீ படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு சான்று வாங்கு. பழைய நோட்டை ஏன் புரட்ட வேண்டும்?

எட்டு வருஷத்தில் உன் கையெழுத்தே எனக்கு மறந்துவிட்டது. கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "கோயமுத்தூர் முத்திரை போட்டிருக்கு, இன்னுமா தெரியல அண்ணாச்சி?" என்றார் போஸ்ட்மேன். சர்டிபிகேட் வேண்டியிருந்ததால் எழுதினாய். இல்லாவிட்டால் நான் செத்தபிறகு எழுதியிருப்பாய்.

அம்மாவைப் பற்றி எழுதக்கூடாது என்று எழுதினாய். அதுவே எழுதினதுதான். மே மாத வெயிலில் அம்மாவை எத்தனை நேரம் வைத்திருக்க முடியும்? நீ வந்து இறங்கி, எல்லார் முன்னாலும் என்னைக் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை.

சாலமன்ராஜ்


கோயம்புத்தூர்
8.7.2004

அண்ணனுக்கு,

உங்கள் பக்கம் இரண்டு வருடமாக மழையே இல்லை என்று பேப்பரில் படிக்கிறேன். பீரோவுக்குள் மட்டும் எப்படிப் பெய்தது?

கோபமாக எழுதவில்லை. எனக்குக் கோபப்படத் தெம்பு இல்லை. காலையில் எட்டாம் வகுப்பு, மாலையில் பாஸ்போர்ட் ஏஜெண்ட், நடுவில் நீரிழிவு மாத்திரை. அம்மாவுக்காக அன்று கேட்டதைக்கூட இப்போது அந்தச் சத்தத்தில் கேட்டிருக்க மாட்டேன். ஆறு மணி நேரம் காத்திருந்தால் முகத்தைப் பார்த்திருப்பேன். அவ்வளவுதான்.

ஒரே ஒரு கேள்வி. நீங்கள் ரிஜிஸ்டரைப் பிரிக்கக்கூட வேண்டாம். ஒவ்வொரு வருடமும் கல்லறைத் திருநாளன்று அந்த நோட்டை எடுத்துப் பெயர்களை வாசிப்பவர் நீங்கள். உங்களுக்கு மனப்பாடமாகவே தெரியும். புஷ்பத்தின் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

ஜோதி


கிருபாபுரம்
20.7.2004

ஜோதிக்கு,

புஷ்பம் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அதற்கு மேல் கேட்காதே. இங்கே வரவும் வேண்டாம். அப்பாவும் இல்லை அம்மாவும் இல்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவாய்?

சாலமன்ராஜ்


கோயம்புத்தூர்
16.8.2004

அண்ணனுக்கு,

ஏழாம் தேதி சனிக்கிழமை கிருபாபுரம் வந்தேன். நீங்கள் மதினியை விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தீர்கள். அந்த நாளாகப் பார்த்து நான் வரவில்லை, அப்படி அமைந்தது. குருவானவர் கிறிஸ்துராஜ் ஐயாவிடம் இன்னொரு சாவி இருந்தது. பீரோவைத் திறந்து, நோட்டைத் தூசி தட்டி, பீடத்துக்கு முன்னால் ஒரு நாற்காலியும் போட்டுக்கொடுத்தார். பக்கங்கள் ஒட்டியிருக்கவில்லை.

முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நம் தாத்தா 1943இல் பேதியில் போயிருக்கிறார். நான்கு நாள் கழித்து அவர் தம்பி. 'பெண் குழந்தை, இரண்டு நாள்' என்று பெயரில்லாமல் ஒரு வரி. அது அப்பாவுக்குத் தங்கையாக இருந்திருக்க வேண்டியது. நம் குடும்பம் முழுவதும் ஒரு நோட்டுக்குள் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ராஜாக்களின் வருடங்களைச் சொல்லிக்கொடுக்கிறேன். நம் வீட்டு வருடங்கள் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

பிறகு பக்கம் 61. 29.9.1972. ஒரே நாளில் நாலு அடக்கம். மூன்று பெண் பிள்ளைகள், நாலாவது ஞானஜோதி, தகப்பன் பெயர் உபதேசியார் தேவசகாயம். காரணம் என்ற இடத்தில் நாலு பேருக்கும் 'தீ'. நாலு பேருக்கும் வயது பதினைந்து. அடக்கம் செய்தவர் கையெழுத்தும் அப்பாவுடையதுதான். எழுத்து நடுங்கவே இல்லை. வரி மாறவும் இல்லை. நான் உயிரோடு ஹாஸ்டலில் இருக்கும்போது என்னைப் புதைத்ததாக அவர் நிதானமாக எழுதியிருக்கிறார்.

நாலு பதினைந்தையும் ஐயாவும் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் காலத்துல வெடிகம்பெனியில சேர வயசுக்குக் கோயில் சர்டிபிகேட்தாம்மா. எழுதிக் குடுக்கச் சொல்லி வீட்டு வாசல்ல வந்து நிப்பாக. உபதேசியார்னா எழுதித்தான் குடுக்கணும்" என்றார்.

தாயில்பட்டியில் பஸ்ஸுக்காக ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண், என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். இடது கையில் முழங்கை வரை தோல் சுருங்கியிருந்தது. பெயர் பாலம்மாள். யார் வீட்டுக்கு வந்தேன் என்று கேட்டார். உபதேசியார் மகள், பெயர் ஜோதி என்றேன்.

"உபதேசியார் மக ஜோதியா? அந்தப் பிள்ளைதான் கம்பெனியில போயிருச்சே தாயி. எங்க கூடத்தான வேலை பாத்தா."

நான் அவளுக்கு அக்கா என்றேன்.

"அக்காளுக்கும் தங்கச்சிக்கும் ஒரே பேரா! நல்லாருக்கே உங்க வேதக்காரக நியாயம்" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு அவராகவே பேசினார். "ஒரு வாரந்தான் வந்தா. சிட்டுக்குருவியாட்டம் இருப்பா. 'ஜோதி'ன்னு கூப்பிட்டா திரும்ப மாட்டா. மூணு வாட்டி, நாலு வாட்டி கத்தினாத்தான் 'ஆ, என்னையவா?'ன்னு பாப்பா. காது மந்தம்னு நெனச்சுட்டோம் தாயி. செவிட்டு ஜோதி, செவிட்டு ஜோதின்னு அம்புட்டுக் கேலி பண்ணுவோம். அவளும் சேந்து சிரிப்பா."

புஷ்பத்துக்குக் காது மந்தம் இல்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் நான் கடலைமிட்டாய்த் தாளைப் பிரித்தால் தெருமுனையிலிருந்து ஓடி வருவாள்.

அவள் தீயில் செத்தாள் என்று தெரியும். என் பெயரில் செத்தாள் என்று தெரியாது. இதை அப்பா எப்படிச் செய்தார்? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வயது ஏற்றி எழுதிக்கொடுத்த கை, சொந்த மகளுக்கு எழுதக் கூசி, என்னுடையதைக் கொடுத்து அனுப்பியதா?

ஐயா திருத்தித் தருகிறேன் என்கிறார். ஆனால் புதைத்த பெயரை மாற்றுவதற்கு இரண்டு பேர் வாக்குமூலம் வேண்டும். நான் உயிரோடு இருக்கிறேன் என்று நான் எழுதுவேன். அங்கே கிடப்பது புஷ்பம் என்று, அன்றைக்குக் கண்ணால் பார்த்த ஒருவர் எழுத வேண்டும். உங்களைத் தவிர யாரும் மிச்சமில்லை. நீங்கள் எழுதாவிட்டால் அவள் என்றைக்கும் நானாகத்தான் கிடப்பாள்.

எனக்குப் பாஸ்போர்ட் வேறு வழியில் கிடைத்துவிடும். இப்போது நான் கேட்பது அதற்காக இல்லை.

ஜோதி


கிருபாபுரம்
3.10.2004

அன்புத் தங்கச்சி ஜோதிக்கு, தோத்திரம்.

ஒன்றரை மாதமாக எழுதிக் கிழித்தேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். உன்னைப் போல வரிசையாக எழுத வராது.

அப்பாவைப் பற்றி நீ எழுதியது பாதிதான் சரி. மற்ற மூன்று பிள்ளைகளுக்கும் அவர்தான் எழுதிக்கொடுத்தார். புஷ்பத்துக்கு அவர் கொடுக்கவில்லை. உன் ஹாஸ்டலுக்காக வாங்கின சர்டிபிகேட்டில் ஒரு நகல் அவர் பைபிளுக்குள் இருந்தது. அதை எடுத்தது நான்.

அப்போது எனக்குப் பதினேழு. அந்தக் கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்து ஆள் பற்றவில்லை. காலாண்டு லீவுக்கு நீ வரவில்லை என்று புஷ்பத்துக்கு வருத்தம். நானும் வாரேன், நானும் வாரேன் என்று ஒரே நச்சரிப்பு. அங்கே போனால் கம்பி மத்தாப்பு ஒரு பெட்டி கிடைக்கும், கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒளித்துவைத்து உனக்குக் காட்டலாம் என்று அவள் கணக்கு. தாயில்பட்டியில் தையல் பழக என்னோடு வருகிறாள் என்று அப்பாவிடம் சொன்னேன். அம்மாவுக்குத் தெரியும்.

சைக்கிளில் போகும்போது பழக்கினேன். "பேரு என்ன?" "ஞானஜோதி." "வயசு?" "பதினஞ்சு." "சிரிக்காமச் சொல்லுளே." அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். போர்மேன் உக்கிரபாண்டி அவளை மேலும் கீழும் பார்த்தார். "பதினஞ்சா? காத்தடிச்சா வேம்பக்கோட்டைக்குப் பறந்திரும் போலயேடா" என்றார். சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் வந்தால் காட்ட ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

வியாழக்கிழமை. நான் கேட்டுக்குப் பக்கத்தில் லாரியில் நின்றேன். மருந்து கலக்கும் ரூமிலிருந்து புகை வந்தது. உள்ளே இருந்த மூன்று பிள்ளைகளுக்கு நேரமே இல்லை. புஷ்பம் வெளியே காயப்போடும் களத்தில் இருந்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்து, கம்பிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஓட நேரம் இருந்தது ஜோதி. பாலம்மாள் அதே களத்திலிருந்துதான் கை வெந்ததோடு தப்பித்தாள்.

நான் கூப்பிட்டேன். என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டேன் என்று பாலம்மாளுக்குத் தெரிந்திருக்கும், அது தப்பு என்று தெரியாது. உக்கிரபாண்டி என் பக்கத்தில் நின்றார். "ஏ ஜோதி, ஓடி வா" என்று கத்தினேன். இரண்டு தடவை. அவள் திரும்பவில்லை. மூன்றாவது தடவைக்கு நேரம் இல்லை.

புஷ்பம் என்று ஒரு தடவை கத்தியிருந்தால் திரும்பியிருப்பாள். ஒரு வாரம் ஜோதி ஜோதி என்று பழகின வாய். போர்மேன் காதில் விழுமே என்று பயந்த வாய். இரண்டில் எது என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தில் உன் பேர் இருந்தது. அப்பா அதை நின்ற இடத்தில் நின்று வாசித்தார். என்னைப் பார்த்தார். பேரைத் திருத்தினால் மற்ற மூன்று பிள்ளைகள் வயதும் வெளியே வரும், அவர் கையெழுத்து வரும், நானும் வருவேன். அடக்க ஆராதனையில் அவர் பேரே சொல்லவில்லை. 'இந்தப் பிள்ளை' என்றுதான் சொன்னார். கூப்பிட்டது எந்தப் பேர் என்று மட்டும் நான் அவரிடம் சொல்லவே இல்லை. அம்மாவிடமும் இல்லை.

பேர் வாசிக்கிற நாளில் அறுபதாம் பக்கம் முடிந்ததும் அப்பா நேரே அறுபத்திரண்டுக்குப் போய்விடுவார். அவருக்குப் பிறகு நானும் அப்படியே. மற்ற மூன்று வீட்டாரும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். கேட்க ஆளில்லை.

இன்னொன்று. அடக்கம் முடிந்ததும் தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்கு மூத்த மகளும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவது நம் கோயில் வழக்கம். அம்மா இறந்தபோது நீ வந்தால் நோட்டைக் கையில் வாங்குவாய். வாங்கினால் நீ புரட்டுவாய், சின்னதிலேயே உனக்கு அந்தப் புத்தி. அதனால்தான் காத்திருக்கவில்லை. வெயில் நான் சொன்ன சாக்கு.

அம்மா முகத்தை நீ பார்க்காமல் போனது என்னால்தான்.

சாலமன்ராஜ்


கோயம்புத்தூர்
14.10.2004

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் பிரித்திருக்கக்கூடாது. மூன்றாவது பீரியட் முழுக்கப் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

என்ன பதில் எழுதுவது? மன்னித்தேன் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். படிக்க நன்றாக இருந்தது, அதனாலேயே கிழித்துவிட்டேன். அம்மா விஷயத்தில் இன்னும் கொஞ்ச நாள் எனக்கு உங்கள்மேல் வருத்தம் இருக்கும். இருக்கட்டும். புஷ்பம் விஷயத்தில் உங்களைக் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. அந்தக் காலாண்டு லீவுக்கு நான் ஏன் வரவில்லை தெரியுமா? ஹாஸ்டலில் கீதப் போட்டி. பின்வரிசையில் மூன்றாவது ஆளாக நின்று பாடினேன். நாங்கள் ஜெயிக்கவும் இல்லை.

நேற்று ஒருத்தி பின்னாலிருந்து "ஜோதி டீச்சர்" என்று கூப்பிட்டாள். திரும்புவதற்குக் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

என் வாக்குமூலத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன். எவ்வளவு எழுத வேண்டும் என்று தோன்றுகிறதோ அவ்வளவு எழுதுங்கள். சர்டிபிகேட்டை எடுத்ததை எழுதினால் போதும். கூப்பிட்ட பெயர் நமக்குள் இருக்கட்டும், அது பதிவேட்டுக்குத் தேவையில்லை. பழைய பெயரைக் கிறுக்கி அழிக்க வேண்டாம் என்று ஐயாவிடம் சொல்லுங்கள். ஒரு கோடு போதும். அடியில் என் பெயர் வாசிக்கும்படி இருக்கட்டும்.

கல்லறைத் திருநாளுக்கு என்னால் வர முடியாது. அரையாண்டுக்கு முன்னால் லீவு தரமாட்டார்கள். தந்தாலும் எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள்தான் வாசிக்கப் போகிறீர்கள். இந்தத் தடவை அறுபத்தொன்றைத் தாண்டாதீர்கள்.

மதினியின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

ஜோதி


கிருபாபுரம்
4.11.2004

அன்புத் தங்கச்சி ஜோதிக்கு, தோத்திரம்.

உன் சர்டிபிகேட் இத்துடன் இருக்கிறது. நீ உயிரோடு இருப்பதாக ஐயா முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இனிமேல் பரீட்சைப் பேப்பர் திருத்தாமல் தப்பிக்க முடியாது. மதினிக்கு வலி அப்படியேதான். உன்னைக் கேட்டாள்.

போன மாதம் முப்பதாம் தேதி கையெழுத்துப் போட்டேன். நீ விட்ட இடம் பற்றவில்லை, தாளைத் திருப்பி எழுதினேன். நமக்குள் இருக்கட்டும் என்று சொன்னாயே, அதையும் எழுதிவிட்டேன். ஐயா படித்துவிட்டுத் தாளை மடித்து நோட்டுக்குள் வைத்தார். பிறகு பேனாவை எடுத்து, "பேர் சரி. வயசு என்ன போட அண்ணாச்சி?" என்றார். பதினொன்று என்றேன். முப்பத்திரண்டு வருஷத்தில் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மற்ற மூன்று பிள்ளைகளுக்கும் கேட்டார். ஒருத்தி புஷ்பத்தோடு ஆறாம் வகுப்பில் உட்கார்ந்தவள் என்று தெரியும். மற்ற இரண்டு பேர் வயது எனக்கே தெரியவில்லை. பதினைந்தின்மேல் கோடு போட்டு, பக்கத்தில் 'உறுதியில்லை' என்று எழுதினார்.

முந்தாநாள் சாயந்தரம் கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை. எல்லாரும் சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி வைத்திருந்தார்கள். வழக்கம்போல நான் நோட்டைப் பிடித்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். தாத்தா பேர், அவர் தம்பி பேர். வாசிக்க வாசிக்கச் சனம் தங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும், உனக்குத் தெரியுமே. அறுபதாம் பக்கம் முடிந்தது. வாய் தானாக அறுபத்திரண்டுக்குப் போகப் பார்த்தது. விரலை வைத்து நிறுத்தினேன். மூன்று பிள்ளைகள் பேரை வாசித்தேன். பிறகு அவள் பேர் வந்தது.

எப்போதும்போலத்தான் வாசிக்க நினைத்தேன் ஜோதி. அது வாசிப்பாக வரவில்லை. காம்பவுண்டுக்கு வெளியே ரோட்டில் போய்க்கொண்டிருந்த சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றுவிட்டார். பேசிக்கொண்டிருந்த சனமெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தது.

ஐயா என் கையைத் தொட்டு, "மெதுவா வாசிங்க அண்ணாச்சி, எல்லாருக்கும் கேக்குது" என்றார்.

சாலமன்ராஜ்